கரண்ட் போய் வந்த நொடியில் உங்க ராஸ்பெரி பைக்கு என்ன ஆச்சு? பேட்டரி பேக்கப் அனுபவங்கள்

ராசிபுரம்_நாட்டுக்கோழி

இந்த மார்கழியில நடந்தது. "எத்தனை எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கலாம்"னு யாராவது கேக்கறதப் பாத்தாலே அந்தக் காலை ஞாபகம் வந்துடுது. அதனால எழுதிடறேன்.

அப்பா நாட்டுக்கோழி வச்சிருக்கார். 180 முட்டை புடிக்கிற இன்குபேட்டர் நானே கட்டினது. உள்ளங்கையளவு கம்ப்யூட்டரான ராஸ்பெரி பை 3, சூடும் ஈரமும் அளக்கற டிஎச்டி22 சென்சார், பல்பைப் போட்டு அணைக்கற ரிலே, நாலு பல்பு, ஒரு ஃபேன், மெசேஜ் அனுப்ப 4ஜி டாங்கிள். 37.5 டிகிரியில நிறுத்தி வைக்கிற வேலை பையோடது. கால் மணி, அரை மணி கரண்ட் போனா பெட்டி சூட்டைத் தாங்கும். அதுக்கு மேல போனா பை என்னை எழுப்பணும். அதுக்காகத்தான் 20000 எம்ஏஎச் பவர் பேங்க், ஒரு பக்கம் சார்ஜ் ஏறிக்கிட்டே இன்னொரு பக்கம் பைக்குக் குடுக்கற மாதிரி. சோதனைக்குப் பத்துத் தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாத்தேன். பை அசையல.

18-ஆம் நாள் ராத்திரி 10:40-க்குக் கரண்ட் போச்சு. 10:55-க்கு வந்துடுச்சு. ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்டதும் திரும்பிப் படுத்துட்டேன்.

காலைல ஆறு மணிக்குப் போனா கண்ணாடி வழியா 24 டிகிரி. பையில கரண்ட் இருக்குன்னு காட்டற சிவப்பு லைட் எரியுது, வேலை நடந்தா மினுக்கற பச்சை செத்துக் கிடக்கு. அப்பா மூடியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து, கண் இமைமேல வச்சுப் பாத்தார். அடைமுட்டைச் சூட்டை அவர் அப்படித்தான் பாப்பார். வச்சுப் பாத்துட்டு அதே குழியில திரும்ப வச்சார். ஒரு வார்த்தை சொல்லல.

61 தான் பொரிச்சது.

அப்புறம்தான் புரிஞ்சது. பிளக்கைப் பிடுங்கும்போது அந்தப் பவர் பேங்க் ஒண்ணும் பண்ணாது. திரும்பச் சொருகும்போது வெளியே குடுக்கற 5 வோல்ட்டை ஒரு நொடி அணைச்சுட்டுத்தான் திரும்பப் போடுது. சோதனை பண்ணப்ப ஒவ்வொரு தடவையும் பை சத்தமில்லாம ரீபூட் ஆகியிருக்கு, நான் அங்க நின்னு பாக்கல. அன்னிக்கு பையோட சிஸ்டம் இருக்கற எஸ்டி கார்டுல எழுதிக்கிட்டிருந்த நேரம் போல. டிவியில மாட்டிப் பாத்தா கர்னல் பேனிக், அதாவது சிஸ்டம் எழவே முடியாம நின்னுடுச்சு.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

மாம்பலம்_பால்கனி

பவர் பேங்க் இல்லை, எனக்கு வீட்டு இன்வெர்ட்டர். ஃபேன் நிக்காது, டியூப்லைட் ஒரு கண் சிமிட்டல், அவ்வளவுதான். ஆனா பை மட்டும் ஒவ்வொரு தடவையும் விழும். இன்வெர்ட்டர் பின்னாடி சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் யுபிஎஸ், இன்னொரு பக்கம் நார்மல். மாட்டிட்டுப் போனவர் நார்மல்ல விட்டுட்டுப் போயிருக்கார். அந்த மோடுல மாறறதுக்கு நேரம் கூட எடுக்கும். சுவிட்சை மாத்தின நாள்ல இருந்து விழல. ஏழு மாசம் அதுக்காக அடாப்டர் அடாப்டரா வாங்கிக்கிட்டிருந்தேன்.

ஓம்_விதி

ராசிபுரம் நண்பருக்கு: முட்டை போனது வருத்தம்தான். ஆனால் பழியை முழுக்க பவர் பேங்க் மேல் போடுவது சரியில்லை. பை ரீபூட் ஆனால் ஒரு நிமிடத்தில் எழுந்து வேலையைத் தொடர வேண்டும். எழாமல் போனதற்குக் காரணம் கார்டு.

எனக்கும் ஆனது. அலுவலக வருகைப்பதிவு மெஷின், மூன்று கார்டு வரிசையாகப் போனது. மூன்றாவது போனது சம்பளக் கணக்கு எடுக்கும் நாளில்.

அதற்குப் பிறகு நான் செய்வது: பையின் செட்டிங்ஸ் மெனுவான ராஸ்பி-கான்ஃபிக்கில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குள் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று இருக்கிறது. அதைப் போட்டால் கார்டு படிக்க மட்டும்தான், எழுதுவதெல்லாம் ரேமில். எந்த நொடியில் பிடுங்கினாலும் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. ரீபூட்டில் பதிவுகள் அழியும், ஆகவே தேவையான பதிவை மட்டும் தனி பென்டிரைவில் எழுதுங்கள். ப்ரோக்ராம் தொங்கினால் பையைத் தானாக ரீபூட் செய்யும் வாட்ச்டாக் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, அதையும் போடுங்கள். பை 4, பை 5 என்றால் கார்டை விட்டுவிட்டு எஸ்எஸ்டியில் இருந்து பூட் செய்யலாம். ஆனால் எஸ்எஸ்டி கூடுதல் கரண்ட் இழுக்கும், பேட்டரி நேரம் குறையும்.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். உயிர் இருக்கும் பெட்டியின் சூட்டை ஒரு கம்ப்யூட்டரின் கையில் மட்டும் கொடுக்கக்கூடாது. டபிள்யூ1209 என்று தெர்மோஸ்டாட் போர்டு சின்ன விலையில் கிடைக்கிறது. பல்பை அது பார்க்கட்டும். பை மேலே நின்று கவனிக்கட்டும்.

ராசிபுரம்_நாட்டுக்கோழி

அண்ணா, தெர்மோஸ்டாட் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா கார்டு எதனால கெட்டுச்சு? அந்த ஒரு நொடி கரண்ட் நின்னதால. பேக்கப்னு நம்பி வாங்கின பொருள், கரண்ட் வந்ததுக்கு பையை அணைச்சிருக்கு. அது எனக்கு ஆறவே இல்ல.

நாற்பது_வளைவு

கார்டு கெடவில்லை, பேட்டரி தீரவில்லை, எல்லாம் ஒழுங்காக வேலை செய்தும் ஒன்பது நாள் பதிவு போன கதை என்னுடையது.

வால்பாறையில் நண்பர் வீட்டுப் பின்பக்கம் மழைமானியும் பை 4-உம் வைத்திருக்கிறேன். இரண்டு 18650 செல் (விரல் பருமன் லித்தியம் செல்) போடும் யுபிஎஸ் ஹேட், அதாவது பையின் மேல் மாட்டும் பேக்கப் போர்டு. பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கினால் பையை முறையாக ஷட்டவுன் செய்யும் ஸ்கிரிப்ட். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில், ஆடிக்கு முன்னால், பதிவு நின்றது. நண்பர் வெளியூர். ஒன்பதாம் நாள் பொள்ளாச்சியில் இருந்து கிளம்பினேன். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு, பாதி வழி பனிமூட்டம்.

போய்ப் பார்த்தால் கரண்ட் இருக்கிறது. ஹேட்டில் நான்கு லைட்டும் எரிகிறது, செல் முழு சார்ஜ். பை மட்டும் தூங்குகிறது. ஹேட்டின் பட்டனை அணைத்துப் போட்டேன். பச்சை லைட் மினுங்க ஆரம்பித்தது. அங்கே எனக்கு இருந்த வேலை இரண்டு நொடி. வாளியில் நிறைந்து வழிந்த மழைநீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை மில்லிமீட்டர் என்று இனி யாருக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். 20 சதவீதத்தில் பை ஒழுங்காக ஷட்டவுன் ஆனது. செல் தீர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ஹேட் ஒரு நொடிகூட 5 வோல்ட்டை நிறுத்தவில்லை. ஷட்டவுன் ஆன பை, கரண்ட் ஒருமுறை போய் வந்தால்தான் தானாக எழும். போகவே இல்லையே.

ஹேட் வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஷட்டவுனுக்குப் பிறகு இது தன் வெளியீட்டைத் தானே வெட்டுமா, மின்சாரம் திரும்பியதும் தானே போடுமா? எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை அப்புறம் கேட்கலாம்.

மருதனார்மடம்

வணக்கம், யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம். டியூட்டரியில பிள்ளையளுக்குப் பாடக் குறிப்பும், கிவிக்ஸில இறக்கின விக்கிப்பீடியாவும் ஒரு பை 3-இல போட்டு வைஃபை விட்டிருந்தன். இன்டர்நெட் தேவையில்லை.

பெற்றோல் இல்லாததால அக்கான்ர ஸ்கூட்டி சும்மா நிண்டது. அதின்ர 12 வோல்ட் பற்றரியைக் கழட்டி, எல்எம்2596 போர்டால 5 வோல்ட்டுக்கு இறக்கிக் குடுத்தன். பை ஒரு தரமும் நிக்கேல்லை. இருட்டுக்க பதினாலு பிள்ளையளின்ர முகத்தில போன் வெளிச்சம் மட்டும் விழும், எல்லாரும் அந்த ஒரு பையிலயிருந்துதான் படிச்சவை. எனக்கு அது பெருமையாத்தான் இருந்தது.

கியூஆர் முறை வந்து பெற்றோல் கிடைச்ச அண்டு அக்கா செல்ஃப் அடிச்சா. "டிக்" எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். மீற்றர் வச்சுப் பாத்தன், 9 வோல்ட்டுக்குக் கீழ. எங்க பிழை எண்டால், அந்தப் போர்டு 7 வோல்ட் வந்தாலும் 5 வோல்ட் ஒழுங்காக் குடுக்கும். அதால பற்றரி செத்துக்கொண்டிருக்கிறது பைக்கும் தெரியேல்லை, எனக்கும் தெரியேல்லை. ஈய அமிலப் பற்றரியை 10.5-க்குக் கீழ விடக்கூடாது. குறைஞ்ச வோல்ட்டில வெட்டுற சின்ன போர்டு ஒண்டு இடையில போட்டிருக்கோணும். அக்கா ஒண்டும் சொல்லேல்லை, புதுப் பற்றரிக்குக் காசு சேர்க்க அவவுக்கு மூண்டு மாசம் பிடிச்சது.

பட்டறைத்_தராசு

மருதனார்மடம் நண்பருக்கு: ஸ்கூட்டர் பேட்டரி ஒரு நொடி பெரிய கரண்ட் கொடுத்து என்ஜினை உதைப்பதற்கென்றே தயாரித்தது. மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் வெட்டும் போர்டு போட்டிருந்தாலும் சீக்கிரம் போயிருக்கும். உங்கள் மேல் தவறில்லை, அந்த நேரம் கையில் இருந்தது அதுதான்.

நான் சொல்ல வந்தது 18650 செல் பற்றி. மதுரையில் சித்தப்பாவுக்கு நகைப் பட்டறை. ஆன்லைனில் 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட செல் நாலு வாங்கி, ஹேட்டில் போட்டால் முக்கால் மணி நேரத்தில் பை அணைந்தது. சித்தப்பா ஒன்றை வாங்கித் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்தார். 31 கிராம். பழைய லேப்டாப் பேட்டரியில் உடைத்தெடுத்த செல்லை வைத்தார். 45. "உள்ளே சரக்கு இல்லடா" என்றார். 18650 அளவில் நல்ல செல்லே 3500 எம்ஏஎச் பக்கம்தான் வரும். அதற்கு மேல் பெரிதாக எழுதியிருந்தால் தொடாதீர்கள்.

பவர் பேங்க் கணக்கும் எல்லோரும் தப்பாகப் போடுகிறார்கள். 20000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 74 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு ஏற்றுவதில் இழப்பு போக 60, 63 கையில் நிற்கும். பை 3-உம் டாங்கிளும் சேர்ந்து 4 வாட் இழுத்தால் 15 மணி நேரம். பை 5 வேலை செய்யும்போது அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும், அதன் அடாப்டரே 5 ஆம்பியர். சாதாரண 3 ஆம்பியர் பவர் பேங்கில் மாட்டினால் யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு மொத்தமாக 600 மில்லி ஆம்பியர்தான் விடும், டாங்கிள் திணறும்.

எப்போதும் மாட்டியே இருக்கப்போகிற பேக்கப்புக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போடுங்கள். நாலு செல் வரிசையில் 12.8 வோல்ட், இரண்டாயிரம் தடவை சார்ஜ் தாங்கும், நம் ஊர் வெயிலில் ஈய அமிலத்தைவிட நன்றாக நிற்கும். உள்ளே பிஎம்எஸ் (செல்லைக் காக்கும் போர்டு) இருப்பதைத்தான் வாங்க வேண்டும், அது தானே வெட்டிவிடும். சார்ஜர் 14.6 வோல்ட், அந்த வகைக்கென்றே செய்தது. பழைய கார் பேட்டரி சார்ஜரை மாட்டாதீர்கள். வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று கணிக்க முடியாது, கடைசி வரை ஒரே மட்டத்தில் நின்று திடீரென்று விழும்.

சிவப்பு_மின்னல்

எல்லாரும் பேட்டரியைப் பேசறீங்க. ஒயரை யாராவது பாத்தீங்களா?

ரெண்டு மாசம் ஹேட்டை மாத்தி மாத்திப் போட்டேன், ஸ்க்ரீன் மூலைல வோல்ட் பத்தலன்னு காட்டற மஞ்சள் மின்னல் போகவே இல்ல. பையைக் கேக்கற கெட் த்ராட்டில்ட் கட்டளை போட்டா 50005, அதுக்கும் வோல்ட் பத்தலன்னுதான் அர்த்தம். கடைசியில தங்கச்சி தன்னோட தடி ஒயரைக் குடுத்தா. மாட்டின உடனே மின்னல் போச்சு.

மெல்லிசு போன் ஒயர்ல 28 கேஜ் கம்பி இருக்கும். ஒரு மீட்டர் போய்த் திரும்பி வர 0.43 ஓம். 1.5 ஆம்பியர் ஓடினா 0.64 வோல்ட் வழியிலேயே போயிடும். 5.1-ல கிளம்பினது 4.46-ஆ சேரும். 4.63 பக்கம் இறங்கினாலே பை அலறும். தடியான 20 கேஜ்னா 0.1 தான் குறையும். பேட்டரிப் பக்கம் மீட்டர் வச்சு அளக்காதீங்க, பையோட 5 வோல்ட் பின்ல வச்சு அளங்க.

ராசிபுரம்_நாட்டுக்கோழி

பங்குனியில எழுதறேன். மேல சொன்னதையெல்லாம் படிச்சுட்டு மாத்தினது: பல்பும் ஃபேனும் இப்ப டபிள்யூ1209 கையில. பை பாத்து மெசேஜ் அனுப்பறதோட சரி. பேக்கப்புக்கு 12.8 வோல்ட் 6 ஆம்பியர்-மணி பேட்டரி. சார்ஜரும் பேட்டரியும் 5 வோல்ட் போர்டும் ஒரே லைன்ல எப்பவும் சேர்ந்தே இருக்கு, நடுவுல மாறற வேலையே இல்ல. கார்டுக்கு ஓவர்லே போட்டாச்சு. ஒயர் ஒரு சாண், தடி.

இந்தத் தடவை முப்பது தடவை பிடுங்கி முப்பது தடவை சொருகினேன், ஒவ்வொண்ணுக்கும் பை எத்தனை நிமிஷமா ஓடிக்கிட்டிருக்குன்னு பாத்துக்கிட்டே. நேரம் ஒரு தடவைகூட பூஜ்யத்துக்குத் திரும்பல.

மாசி அடையில 180-க்கு 143 பொரிச்சது. நடுவுல மூணு தடவை கரண்ட் போய் வந்துச்சு, அதுல ஒண்ணு மாசாந்திர பராமரிப்பு, காலை ஒம்போதுல இருந்து மதியம் வரைக்கும். பை சரியா அரை மணியில என்னைக் கூப்பிட்டுச்சு, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்ல இருந்து லைன் இழுத்தோம்.

அப்பா மட்டும் இன்னும் ராத்திரி கரண்ட் வந்தா எழுந்து போறார். மூடியைத் திறக்க மாட்டார். பச்சை லைட் மினுக்குதான்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வந்துதான் படுக்கறார்.