26ஆம் திகதி பிறந்தநாள்: கேக் வெட்டலாமோ?

நிலாவெளிக்காரி:
திருகோணமலை, கோணேசபுரி கம்பஸ்ல ரெண்டாம் வருஷம். நிலாவெளியில இருந்து பஸ்ஸில போய் வாறன். வாற டிசம்பர் 26 (2024) எனக்கு 21 வயசு. பிறந்தது 2003. அப்ப விளங்கியிருக்கும், சுனாமி வரேக்க எனக்குச் சரியா ஒரு வயசு.

அண்டைக்குக் காலமை அம்மம்மா கரைப்பக்கம் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு, "பின்னேரம் கேக் வெட்டுறம், வாங்கோ" எண்டு சொல்லப் போனவ. திரும்பி வரேல்ல.

அதுக்குப் பிறகு எங்கட வீட்டுக்குள்ள கேக் வந்ததில்ல. மார்கழித் திருவோணத்துக்குக் கோயில்ல என்ர பேரில ஒரு அருச்சனை, அவ்வளவுதான். 26 காலமை 9.25க்கு நாடு முழுக்க ரெண்டு நிமிஷம் மௌனமா நிக்கும். அம்மா அதுக்கு முதலே ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு, கூட்டின முற்றத்தைத் திரும்பக் கூட்டுவா.

இப்ப என்ர பட்ச் பிள்ளையள் ஆளுக்கு 200 ரூபா சேர்த்து, 21 வயசுக்கெண்டு வெட்டுற சாவி வடிவத்தில கேக் ஓடர் குடுத்தாச்சாம். 25 இரவு விடுதியில வந்து நிக்கட்டாம், 12 மணிக்கு வெட்டுவினமாம். சர்ப்ரைஸாம். காசு சேர்க்கிற வட்ஸ்அப் குரூப்பில என்னையும் தவறிச் சேர்த்துப்போட்டாளுகள்! போன வருஷம் லீவில தப்பினன். இந்த முறை பரீட்சை கிட்ட, ஒருத்தரும் ஊருக்குப் போகேல்ல. அவளுகளுக்கு இந்தக் கதை ஒண்டும் தெரியாது. உண்மையைச் சொன்னா, எனக்கும் ஒருக்கா மெழுகுதிரி ஊதிப் பார்க்க ஆசை. என்ன செய்யிறது?

தோட்டத்துப் பையன்:
தங்கச்சி, நான் ஹட்டன் பக்கம். அதே கம்பஸ்தான், படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம். என் வாழ்க்கையில முதல் கேக் அங்க விடுதி ரூம்லதான் வெட்டினேன், 22 வயசுல. கத்தி இல்ல, அடிமட்டத்தக் கழுவி வெட்டினோம். சர்டிபிகேட்ல இருக்கிறது அப்பா பதியப் போன நாள், நான் பிறந்த நாளே இல்ல. அத நான் பசங்ககிட்ட சொல்லவே இல்ல, சொன்னா கேக் போயிரும்ல. வீட்டுக்குப் போய் வர ரெண்டு நாள் பஸ்ஸுலயே கழியும். ரூம்ல நாலு பேர்ல எவனுக்காவது கேக் வந்தாத்தான் அந்த வாரம் நகரும். உங்க கதை வேற. சொல்லாம வெட்டினா தொண்டையில நிக்கும். ஒரே ஒருத்திகிட்ட சொல்லுங்க, மத்தவங்களுக்கு அவ சொல்லிருவா.

நெக்டோ போத்தல்:
எதுக்கும் முட்டையும் மாவும் வேண்டாமெண்டு முதலே கண்டிசன் போடுங்கோ. எனக்கு அடிச்ச முட்டையின்ர மணம் மூண்டு நாள் ரூமை விட்டுப் போகேல்ல. தலகாணியை எறிஞ்சதுதான் மிச்சம்.

கிண்ணியா டீச்சர்:
எங்கட வீட்டுல பிறந்தநாள் கொண்டாடுற வழக்கம் இல்ல, அதால கேக்கப் பத்தி நான் கதைக்கல்ல மகள். ஒண்டு கேக்கிறன். அம்மம்மாட திவசம் எண்டைக்குச் செய்யிற? என்னோட படிப்பிச்ச தமிழ் டீச்சர் திதி பார்த்துத்தான் செய்வாங்க. சுனாமி வந்தது போயா நாள். அப்ப திவசம் பௌர்ணமிக்குத்தானே வரும்?

நிலாவெளிக்காரி:
ஓம் டீச்சர். கலண்டர் எடுத்துப் பார்த்தன். திவசம் இந்த முறை தைப்பொங்கலுக்கு முதல் நாள். என்ர அருச்சனை ஜனவரி 2. வீட்டுக் கணக்கில 26ல ஒண்டுமே இல்ல! இத்தனை வருஷம் இது என்ர மண்டையில ஏறேல்ல.

ஹட்டன் அண்ணா சொன்னபடி ஒருத்தியிட்டச் சொன்னன். அழுதுபோட்டு, கேக்கை வேண்டாமெண்டு சொல்ல வெளிக்கிட்டாள். அட்வான்ஸ் திரும்ப வராது எண்டு நான்தான் மறிச்சன். முட்டைக் கண்டிசனும் போட்டாச்சு.

பிறகு அம்மாட்டயும் சொன்னன். தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நிண்டவ, கன நேரம் ஆத்தினா. பிறகு என்ன வடிவம் எண்டு கேட்டா. சாவி எண்டன்.

"உனக்கு நான் முயல் சொல்லியிருந்தனான்" எண்டா.