கொயர் நம்மளுக்காகப் பாடணுமா, இல்ல நம்மளப் பாட வைக்கணுமா?

கோத்தகிரி_கீபோர்டு:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரி பக்கம் ஒரு சிஎஸ்ஐ சபைல நாலு வருஷமா கீபோர்டு வாசிக்கிறேன், போன வருஷத்துல இருந்து ஞாயித்துக்கிழமை பாட்டு செலக்ட் பண்ற பொறுப்பும் என்கிட்ட வந்துருச்சு. டீம்ல 9 பேர், கிட்டார், ரிதம் பேடு, நாலு மைக், ப்ராக்டிஸ் எல்லாம் ஒழுங்காதான் பண்றோம், யாரும் சும்மா வந்து நிக்கிறதில்ல.

போன மாசம் ஒரு அடக்க ஆராதனை. எஸ்டேட்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு தாத்தா. வீட்டுல வச்சுப் பாடினப்ப கீபோர்டு இருந்துச்சு, பிரச்சினை இல்ல. கல்லறைத் தோட்டத்துக்குப் போறப்ப மழை புடிச்சுகிச்சு, மிஸ்ட்டுல பக்கத்துல நிக்கிற ஆளே தெரியல, கீபோர்ட வண்டியிலயே விட்டுட்டோம். பாஸ்டர் ஐயர் ஜெபம் முடிச்சுட்டு பாடுங்கப்பான்னு எங்களப் பாத்தாரு, நாங்க ஆறு பேரு நின்னோம், ஒருத்தருக்கும் சுருதி வரல. ஒருத்தன் ரொம்ப மேல எடுத்துட்டான், ஒரு தங்கச்சி கீழ எடுத்துச்சு, ரெண்டாவது வரியிலயே நின்னு போச்சு. அந்தக் குடும்பம் குழிகிட்ட நின்னு எங்களப் பாக்குது, எனக்கு உயிரே இல்ல.

அப்ப பின்னாடி குடைக்குள்ள இருந்து ஒரு பாட்டி அதே பாமாலைய (மேல்நாட்டு மெட்டுல வர்ற பழைய ஞானப்பாட்டு) அவங்க பாட்டுக்கு ஆரம்பிச்சாங்க. அடுத்த வரில மொத்தக் கூட்டமும் சேந்துகிச்சு. மண்ணு போட்டு முடியுற வரைக்கும் எல்லா சரணமும் பாடினாங்க, ஒருத்தர் கையிலயும் புக் இல்ல. எங்க டீம்ல ரெண்டாவது சரணத்துக்கு மேல யாருக்கும் வார்த்தை தெரியல, நான் வாய மட்டும் அசைச்சுகிட்டு நின்னேன்.

ஞாயித்துக்கிழமை நாங்க பாடுறப்ப கைய கட்டிகிட்டு நிக்கிற அதே ஜனம் இது. இவங்க பாடவே மாட்டேங்குறாங்க, ஆவியில அனலே இல்லன்னு நான் ப்ராக்டிஸ்ல எத்தனையோ தடவ சொல்லிருக்கேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. கமிட்டில வேற ரெண்டு பிரிவாயிடுச்சு, டீமே வேணாம் ஆர்கனும் பாமாலையும் போதும்னு ஒரு பக்கம், அப்படின்னா நாங்க கோயிலுக்கே வரலன்னு பசங்க ஒரு பக்கம். எனக்கு யார் ஜெயிக்கணும்னு இல்ல. எங்க வேலை உண்மையில என்ன? நாங்க எந்த இடத்துல தப்பு பண்றோம்னும் அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

குன்னூர்_டெனர்:

தம்பி, 30 வருஷத்துக்கு மேல கொயர்ல நின்னவன் சொல்றேன், கோவிச்சுக்காத. முதல்ல நீ பாக்க வேண்டியது ஆவியும் இல்ல அனலும் இல்ல, ஸ்கேல், அதாவது பாட்ட எவ்வளவு உயரத்துல எடுக்குறீங்கங்கிறது. புதுப் பாட்டெல்லாம் ஸ்டுடியோல நல்ல தொண்டை இருக்கிற ஒருத்தருக்காக ரெக்கார்டு பண்ணது, நீங்க யூடியூப்ல கேட்டு அதே ஸ்கேல்ல வாசிக்கிறீங்க. பெஞ்சுல நிக்கிற சாதாரண ஆளுக்கு கீழ ஏ நோட்ல இருந்து மேல டி நோட் வரைக்கும் சுகமா வரும், இ-க்குப் போனா இழுத்துப் புடிச்சுப் பாடுவான், எஃப் தாண்டினா வாய மூடிடுவான். அதுவும் நம்ம ஊருல காலை எட்டு மணி ஆராதனை, வெளிய 8 டிகிரி, தொண்டை இன்னும் முழிக்கவே இல்ல. அந்தப் பாட்டி எடுத்த சுருதி உங்க கீபோர்டு ஸ்கேல விட எவ்வளவு கீழ இருந்துச்சுன்னு ஞாபகம் பண்ணிப் பாரு. ரெண்டு இல்ல மூணு ஸ்டெப் இறக்கிப் போட்டாலே பாதிப் பேரு பாடுவாங்க.

அடுத்தது கீபோர்டுல தானா தாளம் போடுற அந்த ஆட்டோ ரிதம். நீ பட்டன அமுக்கினா அது நிக்காது. ஜனம் வரி முடிவுல மூச்சு வாங்கும், பாமாலைல அந்த மூச்சும் பாட்டுல ஒரு பகுதி. மெஷின் மூச்சு வாங்காது, அவங்க அடுத்த வரிக்கு வர்றதுக்குள்ள அது அங்க போய் நிக்கும். ரெண்டு வாரம் ஓடிப் பாப்பாங்க, மூணாவது வாரம் உக்காந்துடுவாங்க. கைல வாசி, ஜனத்தோட மூச்சக் கேட்டு வாசி.

வேதத்துல இதுக்கு வழி இருக்கு. 1 நாளாகமம் 25-ல பாடுறதுல தேறினவங்க 288 பேருன்னு எண்ணியே வச்சிருக்காங்க, ஆசாப், ஏமான், எதுத்தூன் மூணு பேரு கையில. அதனால கத்துக்கிட்டவங்க வேணாம், யார் வேணா பாடலாம்னு சொல்றவங்க பேச்ச நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா அதே அதிகாரத்துல பெரியவன் சின்னவன், ஆசான் மாணாக்கன்னு பாக்காம சமமா சீட்டு போட்டாங்கன்னும் இருக்கு. பெறகு 136-ஆம் சங்கீதத்த எடுத்துப் பாரு, 26 வசனம், ஒவ்வொரு வசனத்துலயும் பாதி ஒருத்தர் சொல்ற மாதிரி மாறிகிட்டே போகும், மீதி பாதி 26 தடவையும் அதே "அவர் கிருபை என்றுமுள்ளது". அந்தப் பாதி ஜனத்துக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவனும் ரெண்டாவது தடவைல சேந்துக்கலாம். பாட்டு செலக்ட் பண்றப்ப ஜனத்துக்கு அந்தப் பாதி எங்க இருக்குன்னு தேடு.

ஊட்டி_பதிலுரை:

நான் கத்தோலிக்க கோயில்ல பாடகர் குழு நடத்துறேன், பெண். எங்க பக்கமும் இதே கதைதான். 1903-ல பத்தாம் பயஸ் பாப்பரசர் இசை பத்தி ஒரு ஆணை எழுதினாரு, கோயிலுக்குள்ள பியானோ கூடாது, டிரம் கூடாது, பெண்கள் பாடகர் குழுவுல சேரக் கூடாதுன்னு அதுல இருக்கு. 60 வருஷம் கழிச்சு 1963 டிசம்பர் 4-ல வத்திக்கான் சங்கம், அதாவது எங்க ஆயருங்க எல்லாம் கூடின மாநாடு, திருவழிபாடு பத்தி ஏடு வெளியிட்டப்ப பாடகர் குழுவ ஊக்கமா வளக்கணும்னும் சொன்னாங்க, அதே மூச்சுல மொத்த சபையும் தன் பங்க பாடுற மாதிரி குருக்கள் பாத்துக்கணும்னும் சொன்னாங்க. 1967-ல வந்த விளக்கத்துல இன்னொன்னு இருக்கு, பாடகர் குழு உக்கார்ற இடமே அது சபையோட ஒரு பாகம்னு தெரியுற மாதிரி இருக்கணுமாம். இத முதல் தடவ படிச்சப்ப எங்க குழு எங்க நிக்குதுன்னு யோசிச்சேன். மேடையில, ஜனத்தப் பாத்துகிட்டு, கச்சேரி மாதிரி. இப்ப சைடுல, முதல் ரெண்டு பெஞ்சுல நிக்கிறோம், நாங்களும் பீடத்தப் பாத்துதான் நிக்கிறோம். இது ஒன்னு மாத்தினதுலயே நிறைய மாறிச்சு, முகம் பாத்துப் பாடுற கூச்சம் எங்களுக்கும் போச்சு, வேடிக்கை பாக்குற பழக்கம் அவங்களுக்கும் போச்சு.

திருப்பலில எந்தப் பாட்டு யாருதுன்னு பிரிச்சு வச்சிருக்கோம். "தூயவர்" ஜனத்தோடது, அத நாங்க ஒரு நாளும் புது மெட்டுல போட்டு அவங்ககிட்ட இருந்து பிடுங்க மாட்டோம். பதிலுரைப் பாடல்ல ஒருத்தர் வசனம் பாடுவாரு, பதில் ஜனத்தோடது. நற்கருணை வாங்கிட்டு எல்லாரும் அமைதியா இருக்குறப்ப ஒரு பாட்டு குழு மட்டும் பாடும், ஜனம் கேக்கும். அதையும் விட்டுடாதீங்க தம்பி. புருசன பறிகொடுத்த ஒரு அம்மா என்கிட்ட சொன்னாங்க, எனக்கு ஆறு மாசமா பாடவே வரலம்மா, நீங்க பாடுறத கேட்டுகிட்டு உக்காந்திருந்தேன், அதுதான் என் ஜெபம்னு. எல்லாரும் எப்பவும் வாயத் தொறந்து பாடியே ஆகணும்னு நாம சட்டம் போட முடியாது.

கூடலூர்_தேயிலை:

உங்க பதிவுல அந்தப் பாட்டியப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எங்க குடும்பம் சிலோன்ல இருந்து வந்தது, இந்தியா-சிலோன் 64 ஒப்பந்தத்துக்கு அப்புறம் கப்பல் ஏறினவங்க, அரசாங்கத்தோட டேன்டீ தேயிலை எஸ்டேட்ல வேலை குடுத்தாங்க. அம்மாச்சி கொண்டு வந்த பொட்டில ரெண்டு சேலை, ஒரு வேதாகமம், அட்டை கிழிஞ்ச ஒரு கீர்த்தனை புக், அவ்வளவுதான். லைன் வீட்டுல கரண்ட் கிடையாது, ராத்திரி மண்ணெண்ணெய் விளக்க வச்சுகிட்டு பத்துப் பன்னெண்டு பேரு உக்காந்து பாடுவாங்க. ஒரு வாத்தியமும் இல்ல, ஒருத்தர் ஒரு வரி எடுத்துக் குடுப்பாரு, மத்தவங்க திருப்பிப் பாடுவாங்க, பல்லவி வந்ததும் எல்லாரும் ஒன்னாயிடுவாங்க. புக் அங்க ஒருத்தருக்குதான் வாசிக்கத் தெரியும், ஆனா பாட்டு அத்தனை பேருக்கும் தெரியும். கொழுந்து எடுக்குறப்பவும் அதே பாட்டுதான் வாயில. அந்தப் பாட்டிக்கு புக் இல்லாம எல்லா சரணமும் எப்படித் தெரியும்னா, இப்படித்தான் தெரியும்.

கீர்த்தனைய உருவாக்கினவங்க இதுக்காகவே உருவாக்கினாங்கன்னு எனக்குத் தோணுது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், 1774-ல பொறந்து 1864 வரைக்கும் இருந்தவரு, நம்ம ஜனம் ஏற்கெனவே கேட்டுப் பழகின ராகம் தாளத்துலதான் பாட்டு எழுதினாரு. அவரு காலத்துலயே கோயில் பாட்டு எந்த மாதிரி இருக்கணும்னு புதுசா வந்த மிஷனரிங்களோட அவருக்குப் பெரிய மனத்தாங்கல். அப்ப கீர்த்தனை புதுசு, இப்ப அதையே நாம பழசுன்னு சொல்றோம். அதனால பசங்கள ஒதுக்காதீங்கன்னு உங்க கமிட்டிக்கும் சொல்லுங்க. ஆனா தம்பி, ஒரு பாட்டு ஒருத்தர் எலும்புக்குள்ள போகணும்னா அத வாரா வாரம் பாடணும். நீங்க மாசத்துக்கு எத்தனை புதுப் பாட்டு போடுறீங்க?

கோத்தகிரி_கீபோர்டு:

அக்கா, எண்ணிப் பாத்தேன். போன மூணு மாசத்துல 14. அதுல ரெண்டுதான் திரும்பப் பாடினோம்.

பேஸ்_கிட்டார்_வெலிங்டன்:

எல்லாரும் பெரியவங்க பக்கமாவே பேசுறீங்க, அதனால நான் எழுதுறேன். எனக்கு 22 வயசு. டீம்னு ஒன்னு இல்லாம இருந்திருந்தா நான் இப்ப கோயில்ல இருந்திருக்க மாட்டேன், இது சத்தியம். பாமாலை எனக்குப் புரியல, அந்தத் தமிழும் புரியல, சும்மா அம்மா கூட்டிட்டுப் போனதால உக்காந்திருந்தேன். ஒரு அண்ணன் கிட்டார் கைல குடுத்து நாலு கார்டு (ஒன்னா மீட்டுற ஸ்வரக் கூட்டு) சொல்லிக் குடுத்தாரு, அந்த நாலு கார்டுலதான் நான் ஜெபம் பண்ணவே கத்துகிட்டேன். டீமே வேணாம்னு சொல்றவங்க ஒருத்தர் கூட எங்கள உக்கார வச்சு ஒரு பாமாலைக்கு அர்த்தம் சொல்லித் தந்ததில்ல. சத்தமா வாசிக்கிறீங்கன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. குன்னூர் அண்ணன் சொன்ன ஸ்கேல் விஷயம் எனக்கு இப்பதான் தெரியும், ஏன் இதுவரைக்கும் யாரும் சொல்லல?

குன்னூர்_டெனர்:

நீ சொல்றது நியாயம் தம்பி. நாங்க சொல்லித் தந்திருக்கணும். எனக்கு பாமாலைல நாலு குரல் பார்ட்டும் சொல்லித் தந்தவரு ஒவ்வொரு வியாழக்கிழமையும் மழையோட மழையா நடந்து வந்து சொல்லித் தந்தாரு, நான் யாருக்கும் அப்படிப் போகல.

மிக்ஸர்_ரூம்:

சவுண்டு பத்தி யாரும் சொல்லல, அதனால நான். நம்ம மலைல பழைய கோயில் எல்லாம் மைக் இல்லாத காலத்துக் கட்டடம். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் 1829-ல அடிக்கல் போட்டு 1831-ல தொறந்தது, அப்ப ஏது ஸ்பீக்கர். கல்லு சுவரும் உயரமான கூரையும் மனுசக் குரல புடிச்சு வச்சுத் திருப்பித் தரும், பத்து பேரு பாடினா நாப்பது பேரு மாதிரி கேக்கும். அதே இடத்துல பேஸும் பேடும் போட்டா எல்லாம் கொழகொழன்னு ஒன்னாயிடும், வார்த்தை காதுல விழாது. ஒரு ஆளுக்கு பக்கத்துல இருக்குறவர் குரலும் தன் குரலும் கேட்டாதான் பாடத் தைரியம் வரும், ஸ்பீக்கர் மட்டும் கேட்டா தான் பாடாட்டி ஒன்னும் குறையாதுன்னு நிறுத்திடுவாரு. இத நான் மிக்ஸர்ல உக்காந்து எத்தனையோ வாட்டி பாத்திருக்கேன், லீடு மைக்க ஏத்தினா சபை இறங்கும், இறக்கினா சபை ஏறும். நாலு மைக் வேணாம், ஒன்னு போதும். கடைசி சரணத்துக்கு அதையும் மூடிடுங்க, கீபோர்டும் வெறும் கார்டு மட்டும் புடிக்கட்டும். முதல் வாரம் பயமா இருக்கும், மூடிட்டு நில்லுங்க.

இன்னொன்னு, நம்ம ஈரத்துல தபேலா மிருதங்கத்துத் தோல் தொளதொளன்னு ஆயிடும், கிட்டாரும் சுருதி நகந்துடும். ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னாடியே உள்ள கொண்டு வந்து வச்சுட்டு சுருதி சேருங்க, ஆரம்பிச்ச பெறகு டியூன் பண்ணாதீங்க.

கோத்தகிரி_கீபோர்டு:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தல. புதுப் பாட்டு மாசத்துக்கு ஒன்னுதான், அதையும் நாலு வாரமும் பாடணும்னு முடிவு பண்ணிட்டோம். ரெண்டு ஸ்டெப் இறக்கினேன், ஆட்டோ ரிதம் எடுத்துட்டேன், பேடு பையனுக்கு வருத்தம்தான், ஆனா அவன் இப்ப கஹோன் (கையால தட்டுற மரப்பெட்டி) கத்துக்குறான். போன ஞாயிறு கடைசி சரணத்துக்கு மைக்க மூடினோம். முதல்ல ஒரு வரிக்கு ஒன்னுமே கேக்கல, எனக்கு கை நடுங்கிருச்சு. அப்புறம் ஆம்பளைங்க பக்கம் கடைசி பெஞ்சுல இருந்து ஒரு கனமான குரல் வந்துச்சு, எஸ்டேட்ல ட்ராக்டர் ஓட்டுற அண்ணன், அவரு பாடி நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல. அங்க இருந்து பரவிச்சு.

கமிட்டி சண்டை இன்னும் முடியல. ஆனா அந்தப் பாட்டி வீட்டுக்கு நானும் கிட்டார் வாசிக்கிற தங்கச்சியும் போனோம். வியாழக்கிழமை ப்ராக்டிஸுக்கு வந்து எங்களுக்கு சுருதி எடுக்கச் சொல்லித் தாங்கன்னு கேட்டோம். அதெல்லாம் சொல்லித் தர என்ன இருக்கு, பக்கத்துல நில்லு வரும்னாங்க. மேட்டுல ஏற முடியாது, கால் வலின்னாங்க, அதனால ப்ராக்டிஸயே இப்ப அவங்க வீட்டுக்கு மாத்திட்டோம். கீபோர்டு வைக்க இடம் இல்ல. போன வியாழன் ஒரு பாமாலை முழுசா பாராம பாடிட்டோம், ரெண்டாவது ஆரம்பிச்சிருக்கோம்.