உதவி: ஊறுகாய் படமெல்லாம் மஞ்சளாக வருகிறது, பாட்டிலில் டியூப்லைட்டும் தெரிகிறது

மாவடு:
வணக்கம். வீட்டிலேயே ஊறுகாயும் பருப்புப் பொடியும் செய்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். ருசியில் யாரும் குறை சொன்னதில்லை, படம்தான் காலை வாருகிறது. பூண்டு ஊறுகாய் நேரில் நல்ல செக்கச்செவேல் நிறம். போனில் எடுத்தால் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். பாட்டிலின் நட்டநடுவே டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழுகிறது. இட்லி மேல் பொடி தூவி எடுத்தால் இட்லியில் லேசாகப் பச்சை ஏறியிருக்கிறது. இரவில் எடுத்த சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வேறு.

எடுக்கிற இடம் சமையலறை மேடை. மேலே டியூப்லைட், இடப்பக்கம் ஜன்னல், வெளிச்சம் போதாதென்று மஞ்சள் எல்இடி பல்பு போட்ட டேபிள் லேம்ப். தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் சரிசெய்தாக வேண்டும். 500 ரூபாய்க்கு மேல் போக முடியாது. ரிங் லைட் வாங்கலாமா?

ஜன்னலோரம்:
அக்கா, ரிங் லைட் வேண்டாம். பாட்டிலிலும் எண்ணெயிலும் அந்த வளையம் அப்படியே தெரியும். நேருக்கு நேர் அடிக்கும் வெளிச்சத்தில் பொடியின் கரகரப்பும் காணாமல் போகும். சின்னச் சின்ன நிழல் விழுந்தால்தான் அது பொடியாகத் தெரியும்.

முதலில் டியூப்லைட்டையும் லேம்ப்பையும் அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் ஒரு படம் எடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 கெல்வின் இருக்கும், பகல் வெளிச்சம் 5500 பக்கம் இருக்கும். போன் ஏதாவது ஒன்றுக்குத்தான் நிறத்தைச் சரிக்கட்டும், மற்றது திரிந்துவிடும். உங்கள் மஞ்சள், நீலம் இரண்டுக்கும் அதுதான் காரணம்.

பச்சைக்கு வருகிறேன். சமையலறைச் சுவர் என்ன நிறம்?

மாவடு:
பச்சை பெயிண்ட்தான் தம்பி! சுவருமா படத்தைக் கெடுக்கும்?

ஜன்னலோரம்:
கெடுக்கும் அக்கா. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அதன் நிறத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். வெள்ளை இட்லியில் அது உடனே தெரியும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். சுவரும் மறையும், நிழலும் இளகும்.

வெயில் நேராக விழுந்தால் ஜன்னலில் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டுங்கள். கரை மட்டும் வெயில் வரும் வழியில் வரக் கூடாது. நான் ஒருமுறை சிவப்புக் கரையோடு கட்டிவிட்டேன், தேங்காய்ச் சட்னியில் ரோஸ் நிறக் கீற்று விழுந்தது. அப்புறம், ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டாம். தட்டுக்குப் பின்பக்கம் இடது ஓரமாக, கடிகாரத்தில் 10 மணி இருக்கும் திசையிலிருந்து வெளிச்சம் வந்தால் உணவில் பளபளப்பு எழும்.

டெரகோட்டா கம்மல்:
நான் கம்மலும் கண்ணாடி வளையலும் எடுப்பவள், பாட்டிலுக்கு மட்டும் சொல்கிறேன். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதெல்லாம் பாட்டிலில் தெரியும். பிரதிபலிப்பை அடியோடு ஒழிக்க முடியாது. அது எந்த வடிவில் விழ வேண்டும் என்பது நம் கையில்தான் இருக்கிறது. பழைய அட்டைப் பெட்டியில் ஜன்னல் மாதிரி வெட்டி, அதில் பட்டர் பேப்பர் ஒட்டி, பாட்டிலுக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். வெளிச்சம் அதன் வழியாகவே வரட்டும். அந்தக் கூர்மையான கோடு போய், பாட்டில் ஓரமாக மேலிருந்து கீழ்வரை மெதுவான வெள்ளைப் பட்டை ஓடும். மறுபக்கம் கறுப்பு சார்ட் வைத்தால் விளிம்பு மை தீட்டினாற்போல் நிற்கும்.

பாட்டிலைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை அட்டையை வெட்டி அதன் பின்னால் சாய்த்து வைத்துப் பாருங்கள். ஊறுகாய் மேல் மிதக்கிற எண்ணெய் அப்படியே ஒளிரும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

மாவடு:
அருமை. ஆனால் பல நாள் இரவில்தான் நேரம் கிடைக்கிறது. அந்தப் பட்டைகளுக்கு என்ன செய்வது?

ஒயரிங்காரர்:
நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்இடி நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது. போன் படத்தை வரிவரியாகப் பதிவதால் அதில் பட்டையாக விழுகிறது. கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை, அதாவது வெளிச்சம் பதியும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி வையுங்கள், பெரும்பாலும் போய்விடும். 1/50 வைத்தால் போனைக் கையில் பிடிக்காமல் டப்பாவில் சாய்த்து, 2 விநாடி டைமரில் எடுங்கள்.

பல்பு ஒன்றே போதும், 'கூல் டேலைட்' 6500 கெல்வின். பல்பு பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90 என்று போட்டது கிடைத்தால் அதையே வாங்குங்கள். 80 உள்ளதில் மிளகாய்ச் சிவப்பு மங்கிப்போகும், உங்கள் சரக்குக்கு அது முக்கியம். பட்டர் பேப்பருக்கு மிக அருகில் பல்பை வைத்தால் நடுவில் மட்டும் வெள்ளைப் பொட்டு விழும், கொஞ்சம் தள்ளி வையுங்கள். பழைய குண்டு பல்பை மட்டும் பேப்பர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

மாவடு:
இன்று காலை ஜன்னலில் எடுத்துப் பார்த்தேன். தெர்மாகோல், பட்டர் பேப்பர், சார்ட் எல்லாம் சேர்த்து 140 ரூபாய் ஆனது, வேட்டி வீட்டில் இருந்ததே. இட்லி வெள்ளையாகவே இருக்கிறது! பொடியில் ஒன்றிரண்டாக உடைந்த துவரம்பருப்பு கூடத் தெரிகிறது. பாட்டிலும் சரியாகிவிட்டது. மேலிருந்து எடுக்கும்போது மட்டும் போனின் நிழல் தட்டில் விழுகிறது.

ஜன்னலோரம்:
போனை உயரத் தூக்கி 2x ஜூம் வைத்து எடுங்கள் அக்கா, நிழல் தட்டை விட்டு விலகிவிடும். எடுப்பதற்கு முன் லென்ஸை ஒருமுறை துடைத்துவிடுங்கள், ஊறுகாய்க் கை பட்டிருக்கும்.