இணைய வகுப்புக்கு வலைப்பூ தேவையா?

புவியியல் ரீச்சர்:
சூமில் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தோடு நின்றுவிடும். நான் பாடம் சொல்லி முடிக்கவே அது காணாது. பிள்ளைகள் எப்போது பேசுவது? அதனால் உயர்தர வகுப்புக்குக் கூகுளின் புளொக்கரில் ஒரு வலைப்பூ திறந்தேன். யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி நீர் பற்றிய பாடத்துக்கு, "உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதுங்கள்" என்றேன். புங்குடுதீவுப் பிள்ளை ஒருத்தி, கோடையில் தண்ணீர் உவர்ப்பதையும் மாரி மழைக்குப் பிறகு குடிக்கக்கூடியதாக மாறுவதையும் எழுதினாள். அதன் கீழே ஒருவன், நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்று எழுதி, நன்னீரின் அடர்த்தி குறைவு, அதனால்தான் மேலே நிற்கிறது என்று காரணமும் சொன்னான். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவன்.

கோண்டாவில் அப்பா:
நல்ல விசயம்தான் ரீச்சர். ஆனால் பரீட்சையைப் பேனையால்தானே எழுதவேண்டும்? போனில் தட்டிப் பழகிய என் மகளுக்குக் கட்டுரை வினாவுக்கு நேரம் போதவில்லை. அதோடு, பொம்பிளைப் பிள்ளையின் பெயரும் ஊரும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

புவியியல் ரீச்சர்:
அந்தப் பயம் நியாயமானது ஐயா. நாங்கள் அழைப்பவர்கள் மட்டும் வாசிக்கும்படி வைக்கலாம். பிள்ளைகள் புனைபெயரில் எழுதலாம். நான் பார்த்துவிட்ட பின்னூட்டம் மட்டும்தான் வெளியே வரும். கொப்பியில் எழுதிப் படமெடுத்து எனக்கு அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வேன்.

கணித சேர்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. புதிய பதிவு மேலே ஏற ஏற, முதல் தவணைப் பாடம் அடியில் புதைந்துவிடும். சமன்பாடு தட்டுவதும் பெரும்பாடு. ஒருவன் போட்ட விடையை மற்றவன் அப்படியே கொப்பி அடிப்பான். கூகுள் கிளாஸ்ரூமில் ஒப்படைப்பை ஆசிரியர் மட்டும் பார்ப்பார், கடைசித் தேதியும் இருக்கும்.

நெடுந்தீவான்:
சேர், எங்கள் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். 2022 மின்வெட்டு நேரம் நேரலை வகுப்பில் பாதிதான் கேட்டது. எழுத்துப் பக்கம் என்றால் கரண்ட் வந்ததும் திறந்து ஆறுதலாகப் படிக்கலாம். விட்ட பாடத்துக்கு யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லை.

புவியியல் ரீச்சர்:
பாடவாரியாக லேபிள் போட்டால் பழையதும் உடனே கிடைக்கும், சேர். நீங்கள் விடையைக் கேட்காமல், "இந்தப் படியை ஏன் செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

கணித சேர்:
சரி, அந்தக் கேள்வி நல்லது. நிறுவல் பாடத்துக்குச் செய்து பார்க்கிறேன். ஆனால் அதற்குப் புள்ளி போடமாட்டேன்.

புவியியல் ரீச்சர்:
போடவே வேண்டாம் சேர். புள்ளி என்றதும்தான் பார்த்தெழுதத் தொடங்குகிறார்கள்.