கேர்னலுக்குள் விட்டது யார்?

டொக்யார்ட்வீதி:
பாலையூற்றான் நேற்று எழுதியது: "2024 ஜூலையில் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விண்டோஸை நம்பித் தொழில் செய்பவனுக்கு மூளையில்லை." நான் டொக்யார்ட் வீதியில் கணினி திருத்திப் பிழைக்கிறவன், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார். அன்று பிழைவிட்டது கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஃபால்கன் என்ற பாதுகாப்பு மென்பொருள். ஜூலை 19, வெள்ளிக்கிழமை, இலங்கை நேரம் காலை 9.39க்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பினார்கள். அது 21ஆவது மதிப்பைத் தேடியது, கொடுக்கப்பட்டது 20தான். இல்லாத இடத்தில் நினைவகத்தை வாசிக்கப்போய்க் கணினி நின்றது. 78 நிமிடத்தில் கோப்பைத் திருப்பி எடுத்தும் பயனில்லை, விழுந்த கணினிகளை ஆள் போய்ச் சேஃப் மோடில் திறந்து கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. இதில் மைக்ரோசொஃப்ட் எங்கே வந்தது?

பாலையூற்றான்:
அண்ணை, ஃபால்கன் ஓடியது இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலுக்குள். கேர்னலுக்குள் விட்டது யார்? ஆப்பிள் 2019இலேயே இப்படியானவற்றைக் கேர்னலுக்கு வெளியே எடுக்கத் தொடங்கிவிட்டது. அன்று ஆப்பிளின் மக் கணினியும் விழவில்லை, லினக்ஸும் விழவில்லை.

டொக்யார்ட்வீதி:
அன்று விழவில்லை, சரி. அதற்கு முதல் மாதம்? ஃபால்கன் போட்ட ரெட் ஹாட் லினக்ஸ் 9.4 கணினிகள் கேர்னல் பானிக்கில், அதாவது கேர்னலே முடங்கி, நிற்கின்றன என்று ரெட் ஹாட்டே 2024 ஜூனில் அறிவித்ததே. அதே நிறுவனம், அதே மென்பொருள். அங்கே கேர்னலுக்குள் விட்டது யார், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸா?

நிலாவெளி டீச்சர்:
குறுக்கிடுகிறேன். லினக்ஸ் போட்டால் எங்கள் பழைய வினாத்தாள்கள் திறக்குமா? எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை.

பாலையூற்றான்:
டீச்சர், இன்னும் பாமினியா? விண்டோஸ் 2000இலேயே ஒருங்குறித் தமிழ் (யூனிகோட்) வந்துவிட்டது. உங்களைப் போன்றவர்களால்தான் பிள்ளைகள் கூகிளில் தமிழில் தேடத் தெரியாமல் நிற்கிறார்கள்.

நிலாவெளி டீச்சர்:
மரியாதையாகக் கதையுங்கள் தம்பி. அச்சகம் பாமினியில்தான் கேட்கிறது. அத்தனை வினாத்தாளையும் நீங்கள் வந்து மாற்றித் தருவீர்களா?

டொக்யார்ட்வீதி:
டீச்சர், பாமினி எழுத்துருவை நிறுவினால் லினக்ஸிலும் திறக்கும். நிறுவாவிட்டால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும், அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வயதில் மூத்தவரிடம் பாயும் பழக்கம் இவருக்குப் புதிதல்ல.

பாலையூற்றான்:
பழக்கம் பற்றி நீங்கள் பேச வேண்டாம். என் மடிக்கணினிக்கு விண்டோஸ் போட்டதற்குக் காசு வாங்கிக்கொண்டு க்ராக் போட்டுத் தந்தவர் நீங்கள். அப்டேட் ஒன்றும் வராமல் கிடந்தது.

டொக்யார்ட்வீதி:
அசல் உரிமத்தின் விலையைச் சொன்னபோது "வேண்டாம் அண்ணை, சும்மா போடுங்கள்" என்றது யார்?

உப்புவெளி:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். 2025 பெப்ரவரி 9, முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு என்றார்கள். அன்று விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. முதலில் யூபிஎஸ் வாங்குங்கள்.

பாலையூற்றான்:
லினக்ஸின் கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4, மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜேர்னல் வைத்திருக்கிறது. கரண்ட் போனாலும் கவலையில்லை.

டொக்யார்ட்வீதி:
விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் ஜேர்னல்தான் வைத்திருக்கிறது! இரண்டும் காப்பாற்றுவது கோப்பு முறையின் கட்டமைப்பை. நீங்கள் சேவ் பண்ணாத கணக்கை எந்த ஜேர்னலும் திருப்பித் தராது. இதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றுகிறது. இன்னொன்றும் கேளுங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் களவாக நுழையப் பின்கதவு வைத்திருந்தது பிடிபட்டது. அதுவும் நீங்கள் கும்பிடும் லினக்ஸ் உலகத்தில்தான். கண்டுபிடித்த ஆன்ட்ரஸ் ஃப்ராயிண்ட் வேலை செய்தது எங்கே? மைக்ரோசொஃப்ட்டில்.

பாலையூற்றான்:
மூலநிரல் திறந்து கிடந்ததால்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. விண்டோஸுக்குள் அப்படி ஒருவர் புகுந்து பார்க்க முடியுமா?

டொக்யார்ட்வீதி:
தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமானதால் சந்தேகப்பட்டுத் தோண்டினார். திறந்து கிடந்த நிரலை ஆயிரம் பேர் பார்த்துப் பிடித்ததுபோலக் கதைக்காதீர்கள். அவர் ஒருவர் கவனித்திராவிட்டால் அது டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்புக்கும் போயிருக்கும்.

பாலையூற்றான்:
போகவில்லையே. விண்டோஸ் 85 லட்சம் விழுந்தது. நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை: கேர்னலுக்குள் விட்டது யார்?

டொக்யார்ட்வீதி:
2009இல் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்த உறுதிமொழிதான் காரணம் என்று மைக்ரோசொஃப்ட்டே சொல்லிவிட்டது. போட்டி நிறுவனங்களுக்கும் அதே வாசல் திறந்திருக்க வேண்டுமாம்.

பாலையூற்றான்:
அது சாக்கு. வாசலைத் திறந்துவிட்டு உறுதிமொழியைக் காட்டுவதா?

நிலாவெளி டீச்சர்:
பாமினியை நிறுவுவது எப்படி என்று யாராவது எழுதுவீர்களா?

டொக்யார்ட்வீதி:
நாளைக்குக் கடைக்கு வாருங்கள் டீச்சர், செய்து தருகிறேன். பாலையூற்றான், ரெட் ஹாட் கேள்விக்கு நீங்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.