மறு: மறு: 'ஜெனெடிக் மார்க்கர்' – கல்லீரல் கையேட்டுக்குச் சொல் வேணும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்,

மூணு நாள்ல இருபத்தெட்டு மடல், எல்லாத்தையும் படிச்சேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும்ங்கிறதால எல்லாருக்கும் சேர்த்தே பதில் போட்டுடறேன். புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒரு வார்த்தை: இது கல்லீரல் புற்றுநோய்க்காக கல்லீரல் மாத்திக்கிட்டவங்களுக்கும் அவங்க வீட்டாருக்குமான கையேடு. யாருக்கு மாத்தலாம்னு முடிவு பண்ண 1996-லேருந்து மிலான் அளவுகோல் இருக்கு, ஒரே கட்டின்னா 5 செ.மீ.க்குள்ள, ரெண்டு மூணுன்னா ஒவ்வொண்ணும் 3 செ.மீ.க்குள்ள. ஆனா அது முக்கியமா அளவையும் எண்ணிக்கையையும் பார்க்குது, கட்டியோட குணத்தைப் பார்க்கலை, அதனால சின்னக் கட்டி எடுத்தவருக்கே சில சமயம் திரும்ப வந்துடுது. குணத்தையும் பார்க்கணும்னு அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல கட்டியோட டிஎன்ஏ-வை ஆராய்ஞ்சாங்க. அதைச் சொல்ற பக்கத்துக்குத்தான் 'ஜெனெடிக் மார்க்கர்', அதுக்கு அவங்க பார்த்த 'மைக்ரோசாட்டிலைட்'ங்கிற குட்டி டிஎன்ஏ தொடர், புற்று திரும்ப வர்ற 'ரெக்கரன்ஸ்', இதுக்கெல்லாம் தமிழ்ச் சொல் கேட்டேன்.

> மைக்ரோசாட்டிலைட் = நுண்துணைக்கோள். இதில் என்ன தயக்கம்?

தயக்கம் இருக்குங்க. டிஎன்ஏ-வை அடர்த்தி வாரியா மையவிலக்கியில சுத்தினப்போ பெரிய பட்டைக்குப் பக்கத்துல தனியா ஒரு சின்னப் பட்டை ஒதுங்கினது, அதுக்குத்தான் சாட்டிலைட்னு பேர் வச்சாங்க. அந்தப் பேர் பிறகு இந்தக் குட்டித் தொடர்களுக்கும் ஒட்டிக்கிச்சு. தமிழ்ல துணைக்கோள்னு போட்டா படிக்கிறவருக்கு வானந்தான் ஞாபகம் வரும்.

> ஒன்று முதல் ஆறு டிஎன்ஏ எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதுதானே? சிஏ சிஏ சிஏ என்பது அடுக்குத்தொடரே. 'நுண்ணடுக்கு' என்க.

பேராசிரியர் ஐயா, இதைப் படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் பதினொரு மடல் இது அடுக்குத்தொடரா இரட்டைக்கிளவியான்னே போயிடுச்சு. என் பங்குக்கு: இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையாது, ரெண்டுக்கு மேல போகவும் போகாது. அடுக்குக்கும் தொல்காப்பியர் வரம்பு கட்டிட்டாரு, அவசரத்துல சொல்ற விரைசொல்லுக்கு மூணு, செய்யுள்ல ஓசை நிரப்புற இசைநிறைக்கு நாலு. இங்க இருபது தடவை கூட அடுக்குது. அதோட இதுல முக்கியமே எத்தனை தடவைங்கிறது ஆளுக்கு ஆள் மாறுறதுதான். அப்பாகிட்டேருந்து வந்த பிரதியும் அம்மாகிட்டேருந்து வந்த பிரதியும் வேற வேற நீளம் இருந்தாத்தான் கட்டியில ஒண்ணு தொலைஞ்சு போனதைக் கண்டுபிடிக்க முடியும். பார்த்த இடங்கள்ல எத்தனை இடத்துல அப்படித் தொலைஞ்சிருக்குன்னு பின்னமாச் சொல்றாங்க, பின்னம் பெருசா இருந்தா புற்று திரும்பி வர வாய்ப்பும் அதிகம். இலக்கணப்படி பொருந்தலைன்னாலும் 'நுண்ணடுக்கு' நல்ல சொல்லு, எடுத்துக்கறேன்.

> மார்க்கர் = குறி. சுருக்கம், தூய்மை.

தம்பி, தூய்மைதான், ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஊர்ல குறி சொல்றதுன்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும். 'மரபணுக் குறி பார்த்து முன்கணிப்பு'ன்னு எழுதினா ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு எது ஞாபகம் வரும்? சித்த மருத்துவத்துல குறிகுணம்னா நோயாளிகிட்ட தெரியற அறிகுறி, அதுவும் இது இல்லை. 'குறிப்பான்' பாடநூல்ல புழங்குது, ஆனா வீட்டுல வாசிச்சுக் காட்டினேன், யாருக்கும் ஒட்டலை. 'அடையாளம்' போதும்னு நினைக்கிறேன்.

இப்ப எனக்கு ராத்திரி தூக்கம் கெடுக்கிற விஷயம். 'ஜெனெடிக்'.

> இலங்கையில் நாங்கள் ஜீனைப் பரம்பரையலகு என்றும் துறையைப் பிறப்புரிமையியல் என்றும் படித்தோம். மரபணு என்பதை விட இதில் பொருள் தெளிவு.

டாக்டர் அக்கா, பொருள் தெளிவுதான், அந்தத் தெளிவுதான் இங்க பயமா இருக்கு. கட்டியில இருக்கிற இந்த மாற்றங்கள் பெரும்பாலும் அந்தக் கட்டிக்குள்ளயே பிறந்தது, அவரோட ரத்தத்துல இருக்காது, பிள்ளைகளுக்குப் போகாது. நம்ம நாட்டுல பெரும்பாலும் உயிரோட இருக்கிற சொந்தக்காரர்தான் கல்லீரல்ல ஒரு பகுதி கொடுக்கறாங்க. மகன் அப்பாவுக்குக் கொடுத்துட்டு பக்கத்து வார்டுல படுத்திருக்கான். அவன் கையில 'பரம்பரையலகு அடையாளம்'னு ஒரு தாள் கிடைச்சா என்ன நினைப்பான்? மரபணுலயும் மரபு இருக்கு, அதுவும் அதே பயத்தைத்தான் தருது. 'ஈனி'ன்னு வைக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அதுலயும் ஈனுறது இருக்கே. அதனால ஒரே சொல்லா அடைக்க முயற்சி பண்ண வேணாம், 'கட்டியின் மரபணு அடையாளம்'னு மூணு சொல்லா விடுவோம், 'கட்டியின்'ங்கிறதை எந்த இடத்துலயும் விடக்கூடாது.

ரெக்கரன்ஸுக்கு 'மீட்சி' சொன்னவர் தயவுசெஞ்சு அதை விட்டுடுங்க. மீட்சின்னா குணமாகி மீண்டு வர்றது. 'புற்றுநோய் மீட்சி'ன்னு படிச்சு ஒரு குடும்பம் சந்தோஷப்பட்டுடக் கூடாது. 'மறுதோற்றம்'னா புதுசா பிறந்த மாதிரி இருக்கு, நடக்கிறது அது இல்லை, பழைய கட்டியிலேருந்து ஆபரேஷனுக்கு முன்னாடியே தப்பிச்ச செல்லு புதுக் கல்லீரல்லயோ நுரையீரல்லயோ எலும்புலயோ போய் உட்கார்ந்து வளருது. 'மீள்வருகை' தலைப்புக்கு, உள்ளே 'புற்று திரும்ப வருதல்'.

கணக்குப் பார்த்தா 'அடையாளம்' பக்கம் ஆறு பேர், 'குறி' பக்கம் ரெண்டு, 'குறிப்பான்' பக்கம் மூணு. பேராசிரியர் ஐயா நேத்து ராத்திரி தனியா எழுதினாரு, 'அடையாளம் ஆதார் அட்டைக்கு உரிய சொல், கலைச்சொல் ஆகாது, என் மறுப்பைப் பதிவு செய்க'ன்னு. பதிவு செஞ்சாச்சு ஐயா. அக்காவும் இன்னும் ஒத்துக்கலை, யாழ்ப்பாணத்துப் பதிப்புக்கு 'பரம்பரையலகு' இல்லாம முடியாது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல படிக்கிற சொல் அதுதான்னு சொல்றாங்க, அதுல நியாயம் இருக்கு. அந்தப் பதிப்புல சொல்லுக்குக் கீழேயே 'இது பிள்ளைகளுக்குப் போகாது'ன்னு ஒரு வரி சேர்த்தா சரியா வருமா அக்கா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க, பக்கத்தைத் திறந்தே வச்சிருக்கேன்.