பானுமதி பேனர்ல ‘எழுத்தாளர்’னு போடணுமா?

நகரி நெசவாளி:
செப்டம்பர் 7, பானுமதியம்மா பிறந்தநாளுக்கு எங்க தெருவுல பாட்டுக் கச்சேரி வெக்கிறோம். பேனர்ல ‘நடிகை, பாடகி’னு அடிச்சாச்சு. ‘எழுத்தாளர்’னும் சேர்க்கணுமாம், பக்கத்து வீட்டு அக்கா ஒரே பிடி. மலைக்கள்ளன், மதுரை வீரன்னு பார்த்து வளர்ந்தவங்க நாம. அந்தம்மா எழுதி யாரு படிச்சது?

புத்தூர் செல்வி:
நான் படிச்சேன், அண்ணே. வீட்டுல பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்துல தெலுங்கு. பானுமதியம்மா தெலுங்குல எழுதின ‘அத்தகாரி கதலு’வை, அதாவது மாமியார் கதைங்களை, எங்க அம்மா மடியில வெச்சுக்கிட்டு வரி வரியா தமிழ்ல சொல்லுவாங்க. பாட்டி, தானும் ஒரு மாமியார்ங்கிறதையே மறந்து, வெத்தலைச் சாறு புடவையில தெறிக்கச் சிரிக்கும். மடி, ஆசாரம்னு வீட்டையே ஆட்டி வெக்கிற மாமியாரைக் கிண்டலும் பண்ணணும், படிக்கிறவங்களுக்கு அவங்க மேல வெறுப்பும் வரக் கூடாது. லேசுல வருமா அது? ஆந்திர சாகித்ய அகாதமி சும்மாவா விருது குடுத்தாங்க?

நகரி நெசவாளி:
பேர் எடுத்த நடிகை எழுதினா புஸ்தகம் விக்கத்தான் செய்யும்மா. குரல்தான் அவங்க சொத்து. ஓங்கோல் பக்கம் தொட்டவரத்துல அப்பாகிட்ட சங்கீதம் கத்துக்கிட்டு வந்தவங்க. மத்த நாயகிங்க வாயசைச்ச காலத்துல தன் பாட்டைத் தானே பாடினாங்க. சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வராவே இருந்தாங்க.

திருத்தணி தாத்தா:
ரெண்டு பேரும் டைரக்‌ஷனை விட்டுட்டீங்களே! 1953-ல சண்டிராணி. தமிழ், தெலுங்கு, இந்தி, மூணுலயும் அவங்கதான் நடிப்பு, அவங்கதான் இயக்கம். சொந்தக் கம்பெனிக்கு மகன் பேரு, பரணி.

புத்தூர் செல்வி:
அதுக்கெல்லாம் கேமரா, செட்டு, நூறு ஆளு வேணும் தாத்தா. ‘மிஸ்ஸம்மா’ படத்துல கொஞ்ச நாள் நடிச்ச பிறகு வேஷம் சாவித்திரிக்குப் போச்சு. பேனா கையில இருக்கும்போது அப்படி யார் பிடுங்க முடியும்? தன் கதையை ‘நாலோ நேனு’னு எழுதினாங்க. அதுக்கு தேசிய விருதே வந்துச்சு.

திருத்தணி தாத்தா:
பொண்ணு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, தம்பி. ஆனா ‘இயக்குநர்’னும் போடு.

நகரி நெசவாளி:
இன்னும் ரெண்டு பேர் வந்தா பேனர் நகரி தாண்டிப் போயிடும் போல! இனிமே ஸ்டிக்கர்தான் ஒட்டணும், அது என் செலவு. செல்வி, உங்க அம்மா வந்து ஒரு கதையைத் தமிழ்ல சொல்வாங்களா? பத்து நிமிஷம்தான். மைக் கச்சேரிக்காரங்களோடது.

புத்தூர் செல்வி:
கேட்டுட்டேன். மாமியார் வாயைத் திறக்கவே பத்து நிமிஷம் ஆகுமாம்.